எங்கே என்று கேட்கும் படிப்பு

1

ஊரிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் நலம் விசாரித்து, மழை விசாரித்து, யார் யாருக்குக் கல்யாணம் ஆயிற்று என்று சொல்லி முடித்த பிறகு, கையெழுத்துக்கு மேலே ஒரு வரி தவறாமல் இருக்கும். "சீமைக்குப் போய்ப் பத்திரிகைப் படிப்புப் படித்தானே உங்கள் மகன், அவன் இப்போது என்ன செய்கிறான்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. எழுதிய பதில்களும் ஒன்றுபோல இல்லை என்று பிறகு தெரிந்தது. தஞ்சாவூர் மைத்துனருக்கு ஒரு மாதிரி, மாயவரத்து நண்பருக்கு வேறு மாதிரி எழுதியிருக்கிறேன். இருவரும் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள். ஆகவே எல்லோருக்கும் பொதுவாக இங்கே எழுதிவிடுகிறேன். நேற்றோடு அவன் பினாங்கை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிறது.

என்னைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் நான் ஒரு தமிழ் வாரப் பத்திரிகை நடத்துகிறேன். கீழே அச்சுக்கூடம், மேலே குடித்தனம். பக்கத்தில் காசு மாற்றுகிறவர் கடை, எதிரே சோறும் குழம்பும் விற்கிற நாசி கண்டார் கடை. அந்தக் கடையில் குழம்பு கொதிக்கிற நேரத்தில் என் தலையங்கம் ஓடாது. புரூப் திருத்துகிற வேலைக்கென்று வாலிபத்தில் கப்பல் ஏறி வந்தவன், அந்தப் பத்திரிகை நின்றுபோனதும் அதன் அச்செழுத்துகளை வாங்கிப்போட்டு என் பத்திரிகையை ஆரம்பித்தேன். சொல்லிக்கொள்ளப் பெரிய படிப்பு கிடையாது.

எங்கள் பத்திரிகையில் ஜனங்கள் முதலில் பார்க்கிற பகுதி தலையங்கம் அல்ல. கடைசிப் பக்கத்தில் இரண்டு பத்திகள் உண்டு. ஒன்றின் தலைப்பு 'வந்தோர்'. மற்றொன்றின் தலைப்பு 'போய் வருவோர்'. நாகப்பட்டினம் கப்பலிலும் சிங்கப்பூர் கப்பலிலும் வந்திறங்கிய நம்மவர்கள் பெயரும், ஏறிப்போன நம்மவர்கள் பெயரும் அதில் வரும். தன் பெயரைப் பார்ப்பதற்காகவே சந்தா கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கப்பல் நாளில் நானே குடையை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போய், போகிறவர்களிடம் "தூரமா?" என்று கேட்பேன். வேறொன்றும் கேட்க மாட்டேன். "ஆமாண்ணே, நாகப்பட்டினம், மச்சினிச்சி கல்யாணம்" என்று அவர்களே எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள். 'எங்கே போகிறீர்கள்' என்று நேராகக் கேட்டால் போகிற காரியம் விளங்காது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கப்பல் ஏறி வந்தபோது ஜாதகக் கட்டையும் குடுமியையும் கழற்றிப்போட்டவர்கள்கூட இந்த ஒன்றை விடவில்லை. என் மனைவி அகிலாண்டம் இந்த விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு. நான் செருப்பு மாட்டுவதைப் பார்த்தால் அவள் வாயிலிருந்து "போயிட்டு வாங்க" என்பதைத் தவிர வேறு சொல் வராது.

2

குமரேசன் எங்களுக்கு ஒரே பிள்ளை. இங்கே இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் நன்றாகத் தேறினான். கிராணி என்கிற குமாஸ்தா வேலைக்கு அவனைக் கேட்டு இரண்டு ஆபீசிலிருந்து ஆள் வந்தது. நான்தான் மறித்தேன். எனக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. சிறிய எழுத்துப் புரூபைக் கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். அவன் முறையாகப் படித்து வந்து பத்திரிகையை எடுத்துக்கொள்ள வேண்டும், நான் ஓரமாக உட்கார வேண்டும். என் கணக்கு அவ்வளவுதான். இந்தக் கட்டுரை முழுவதிலும் அந்த ஒரு கணக்கைத்தான் சொல்லப் போகிறேன்.

லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் பத்திரிகைத் தொழிலுக்கென்றே இரண்டு வருஷப் படிப்பு வைத்திருக்கிறார்கள் என்று ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் பார்த்து அவனிடம் காட்டினேன். அன்றைக்கே கடைத்தெரு முழுவதும் சிரித்தது. "பத்திரிகைக்குப் படிப்பா! குடை பிடிக்கிறதுக்கும் படிப்பு இருக்கா அண்ணே?" என்று கேட்டார் ஜவுளிக்கடை பக்கிரிசாமி. எங்கள் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்க்கிற காதர் மைதீன் மட்டும் வேறு விதமாகக் கவலைப்பட்டார். "அங்க போயி படிச்சிட்டு வந்து, நம்ம எழுத்துல பிழை கண்டுபிடிப்பானே லா" என்றார். அகிலாண்டம் யார் கேட்டாலும் பையன் பாரிஸ்டருக்குப் படிக்கப் போகிறான் என்று சொல்லிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்வதற்கில்லை. பாரிஸ்டர் என்றால் அடுத்த கேள்வி கிடையாது.

அங்கே சேர விண்ணப்பம் போட்டபோது வந்தது முதல் சிக்கல். குடும்பப் பெயர் என்ன என்று கேட்டிருந்தார்கள். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அந்த இடத்தில் வைத்திலிங்கம் என்று என் பெயரைப் போட்டான். இடத்தைக் காலியாக விட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். அதன் பலன், லண்டனில் இரண்டு வருஷமும் ஆசிரியர்கள் அவனை மிஸ்டர் வைத்திலிங்கம் என்றே கூப்பிட்டார்கள். கூடப் படித்தவர்களுக்கு அது நீளமாக இருந்ததால் 'வைட்டி' என்று சுருக்கினார்கள். நான் காலடி வைக்காத ஊரில் என் பெயர் வகுப்புக்கு வகுப்பு கூப்பிடப்பட்டது. அவன் பெயர் கூப்பிடப்படவில்லை. கடிதத்தில் இதை வேடிக்கையாகத்தான் எழுதியிருந்தான்.

அவன் கடிதங்களிலிருந்து அந்தப் படிப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பாதி நேரம் சரித்திரமும் பொருளாதாரமும் இலக்கியமும். மீதி நேரம் தொழில். சுருக்கெழுத்துப் பழகினான். போலீஸ் கோர்ட்டில் போய் உட்கார்ந்து வழக்கை எழுதி வரச் சொன்னார்கள். ஒருநாள் ரயில் நிலையத்தில் நிறுத்தி, முன்பின் தெரியாத ஐந்தாறு பேரை நிறுத்திக் கேட்டு எழுதி வரச் சொன்னார்களாம். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன் என்ற ஐந்துக்கும் பதில் இல்லாமல் வந்தால் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவாராம் வாத்தியார். "எல்லாரிடமும் 'எங்கே போகிறீர்கள்' என்று கேட்டேன் அப்பா. ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு கிழவர் தன் மருமகளைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார்" என்று எழுதியிருந்தான். அகிலாண்டத்துக்கு இதைப் படித்துக் காட்டியபோது, "அந்தக் கிழவர் ஊர் போய்ச் சேர்ந்தாரான்னு கேளுங்க" என்றாள்.

முதல் வருஷம் தமிழில் எழுதினான். இரண்டாம் வருஷம் பாதி ஆங்கிலம் ஆயிற்று. கடைசியில் முகவரியும் 'அன்புள்ள அப்பாவுக்கு' என்பதும்தான் தமிழில் நின்றன. நான் தமிழிலேயே பதில் எழுதினேன்.

3

திரும்பி வந்தவன் காலில் கயிறு கட்டுகிற பூட்ஸும் கையில் டிப்ளமாவும் கொண்டுவந்தான். டிப்ளமாவைச் சட்டம் போட்டு அச்சுக்கூடத்தில் மாட்டினேன். காதர் மைதீன் அதைப் பார்த்துவிட்டு எழுத்து அழகாகக் கோர்த்திருக்கிறார்கள் என்றார்.

அவன் கெட்டிக்காரன். அப்பன் சொல்வதென்று தள்ளிவிட வேண்டாம். அக்கரையில் கெப்பாலா பத்தாஸ் பக்கம் வயலில் தண்ணீர் ஏறியபோது நேரில் போய்ச் சேற்றில் நடந்து, எந்தக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், எத்தனை வீட்டுக்குள் தண்ணீர் என்று எழுதிக்கொண்டு வந்தான். ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு முன்னால் நாங்கள் போட்டோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் நம் பத்திரிகை பிழைப்பது வெள்ளத்தால் அல்லவே. நம்மவர் வீட்டு விசேஷம் ஒன்றை நான், 'பினாங்கு வர்த்தகப் பிரமுகரும் தரும சிந்தனையுள்ளவரும் பரோபகாரியுமான' என்று ஆரம்பித்தால், பெயர் வருவதற்குள் நாலு வரி ஆகிவிடும். குமரேசன் அதை 'ஒரு புகையிலைக் கடைக்காரர்' என்று ஆக்கினான். புகையிலைக் கடைக்காரர் அன்று முதல் எங்கள் சந்து வழியாக நடப்பதில்லை.

பிறகு அவன் கை 'போய் வருவோர்' பத்தியில் வந்து நின்றது.

"அப்பா, தையல்காரர் சின்னையா பேரை இதுல போட்டிருந்தீங்க. அவரு கடையை வித்துட்டுப் பெண்டாட்டி பிள்ளையோட ஒரேயடியாப் போனவரு. அவரு எப்படிப் போய் வருவோர்?"

"கப்பல் ஏறுறவனைப் போயே போயிட்டான்னு போடச் சொல்றியா? நல்ல நாளும் அதுவுமா."

"கெப்பாலா பத்தாஸிலேர்ந்து ஒருத்தர் கோட்டு வாங்க மூணு தடவை வந்துட்டுப் போயிருக்காரு. துணி கொடுத்தவரு. நம்ம பேப்பரைப் பாத்து, சின்னையா திரும்பி வருவாருன்னு நம்பியிருக்காரு."

கோட்டு விஷயம் உண்மைதான். மூன்றாம் முறை அவர் எங்கள் அச்சுக்கூடத்துக்கே வந்து என்னிடம் கேட்டார்.

"தெரிஞ்சா எப்பத் திரும்புவாருன்னு போடணும். தெரியலைன்னா தெரியலைன்னு போடணும். படிக்கிறவன் நம்புறானே அப்பா" என்றான் குமரேசன்.

"நீ கேட்டு வாங்கிட்டு வா, போடறேன்" என்று சொல்லிவிட்டேன். வாய்ப்பேச்சுக்குச் சொன்னது. அவன் அதை வேலையாக எடுத்துக்கொண்டான்.

4

ஜவுளிக்கடை பக்கிரிசாமிக்கு ஊரில் ஒரே தங்கை. அவள் பெண் குழந்தைக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்த வேண்டும், அதற்காக மனிதர் நாகப்பட்டினம் கப்பலுக்குச் சீட்டு வாங்கிவிட்டார். குழந்தைக்குப் பட்டுப்பாவாடை, தோடு, தங்கைக்குச் சீனத்துப் பீங்கான் என்று பெட்டிகள் ரிக்‌ஷாவில் ஏறியாயிற்று. நல்ல நேரம் பார்த்து, கடைவாசலில் தேங்காய் உடைத்து, வலது காலைப் படிக்கு வெளியே எடுத்து வைத்தார்.

துறைமுகத்தில் கூட்டமாக இருக்கும், விவரமாகப் பேச முடியாது என்று நினைத்து, எங்கள் குமரேசன் கையில் பென்சிலோடு அந்தப் படிக்கு நேரே நின்றுகொண்டிருந்தான்.

"எங்க போறீங்க மாமா?" என்றான். "எதுக்குப் போறீங்க? எப்பத் திரும்பி வருவீங்க?"

கூட இருந்தவர்கள் சொன்னதைத்தான் எழுதுகிறேன். பக்கிரிசாமி எடுத்து வைத்த காலை உள்ளே இழுத்துக்கொண்டார். கடைக்குள் போய்ப் பாயில் உட்கார்ந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். கேட்டுவிட்டால் அதுதானே பரிகாரம். மறுபடி எழுந்திருக்கும்போது யாரோ, ராகுகாலம் பிறந்துவிட்டது என்றார்கள். சரி, முடியட்டும் என்று மறுபடி உட்கார்ந்தார். அது முடிந்து ரிக்‌ஷா துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கப்பல் நங்கூரத்தைத் தூக்கிவிட்டது. அடுத்த கப்பலில் போனால் காதுகுத்துக்குப் பிறகுதான் கரை இறங்கலாம்.

குமரேசன் அதுவரையில் அங்கேயே நின்றிருக்கிறான். வழக்கம் தெரிந்தவன்தான், ஆனாலும் ஒரு கேள்வியால் காரியம் கெடும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அவர் ஏன் உள்ளே போனார் என்று பக்கத்துக் கடையில் விசாரித்து அதையும் எழுதிக்கொண்டானாம்.

சாயங்காலம் பக்கிரிசாமி எங்கள் அச்சுக்கூடத்துக்கு வந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை. பட்டுப்பாவாடைப் பொட்டலத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"வேற எவனோ ஒரு ஒண்ணுவிட்ட அண்ணன் மடியில உக்கார வச்சுக் குத்தப் போறாங்க அண்ணே" என்றார். "எந்தங்கச்சி என்ன நெனப்பா? உங்க பையன் பத்திரிகைப் படிப்புப் படிச்சானா, போலீஸ் படிப்புப் படிச்சானா?"

குமரேசன் முன்னால் வந்தான். "மாமா, நான் கேட்டதால கப்பல் தவறிப் போகலை. நீங்க உள்ள போய் உக்காந்ததாலதான் போச்சு. நேரா நடந்திருந்தா ஏறியிருப்பீங்க" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். சொன்னதும் வாஸ்தவம். பக்கிரிசாமி அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மறுவாரத்திலிருந்து தன் கடை விளம்பரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று அகிலாண்டம் பிள்ளையோடு போட்ட சண்டையை பக்கத்துக் காசு மாற்றுகிறவர் கடையை மூடிவைத்துக் கேட்டார்.

"வாசல் தாண்டுறவனைப் பாத்து எங்கன்னு கேப்பாங்களாடா? தூரமான்னு கேட்டா வாய் வலிக்குதா?"

"தூரமான்னா அது கேள்வியே இல்லம்மா. நாகப்பட்டினம் தூரம்னு எனக்கே தெரியும்."

"கேக்காம இருந்தா ஆளுங்க சொல்ல மாட்டாங்களா? உங்க அப்பாகிட்ட எல்லாரும் சொல்லலை?"

"அவங்க சொல்ல நினைக்கிறதை மட்டும் சொல்றாங்க. சின்னையா திரும்ப மாட்டேன்னு அப்பாகிட்டச் சொன்னாரா?"

நான் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு புரூபுக்குள் புகுந்துகொண்டேன். இரண்டு பேரும் சரியாகப் பேசினால் நடுவில் இருப்பவனுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

5

அதற்குப் பிறகு கடைத்தெருவில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. குமரேசன் எதிரே வந்தால் வெளியே கிளம்பினவர்கள் மெல்ல உள்ளே போய்விடுவார்கள். இவன் தாண்டிப் போன பிறகு எட்டிப் பார்த்து இறங்குவார்கள். கப்பித்தான் பள்ளிவாசல் பக்கத்துக் கடைக்காரர்கள் விளையாட்டாகச் செய்தார்கள். நம்மவர்களில் சிலர் மெய்யாகவே செய்தார்கள். அவன் அதைக் கவனிக்காததுபோல நடப்பான். என் பிள்ளை அப்படி நடந்து வருவதை மாடி ஜன்னலிலிருந்து பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

துறைமுகத்துக்கு மறுபடி நானே போகத் தொடங்கினேன். அவன் ஒன்றும் சொல்லாமல் வெளியூர்ச் செய்திகளை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தான். தந்தியில் வந்த செய்தியைத் தமிழாக்குகிற வேலைக்கு லண்டன் போக வேண்டியதில்லை என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சிங்கப்பூரிலிருந்து அவன் பெயருக்கு நீள உறைகள் வர ஆரம்பித்தன. உறையில் ஓர் ஆங்கிலத் தினசரியின் பெயர் அச்சிட்டிருந்தது. அவன் ஒளிக்கவில்லை. மேஜைமேலேயே போட்டுவைத்தான். நாங்கள்தான் பார்க்காததுபோல இருந்தோம். போகப் போகிறானா என்று நான் கேட்கவில்லை. போகப் போகிறேன் என்று அவனும் சொல்லவில்லை. கேட்டால்தான் சொல்ல வேண்டும் என்பது அவன் படிப்பு, கேட்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். இரண்டுக்கும் நடுவே ஒரு மாதம் போயிற்று. காதர் மைதீன் ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "அண்ணே, தம்பி போகுதா இருக்குதான்னு ஒரு வார்த்தை கேட்டுப்புடுங்களேன்" என்றார். "கேட்டா போயிடுவான்யா" என்றேன். அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அகிலாண்டம் அவனுக்குச் சட்டைகள் தைக்கக் கொடுத்தாள். ஊறுகாய் போட்டாள். கேட்காமலே அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரு திங்கட்கிழமை சாப்பிடும்போது, "வியாழக்கிழமைக் கப்பல்" என்றான். "சரி" என்றேன். "மோர் போடட்டுமா?" என்றாள் அவள்.

6

வியாழக்கிழமை காலையில் பெட்டி கீழே ரிக்‌ஷாவில் ஏறியாயிற்று. அவன் எங்கள் இருவரையும் சேவித்து எழுந்தான். பூட்ஸ் மாட்டிக் கயிற்றைக் கட்டிக்கொண்டான். காதர் மைதீனிடம் சொல்லிக்கொண்டான். அச்சுக்கூடத்து வாசற்படியில் ஒரு காலை வைத்து, "போயிட்டு வரேம்மா" என்றான்.

"எங்கடா போறே?" என்றாள் அகிலாண்டம்.

காதர் மைதீன் கையிலிருந்த எழுத்து கீழே விழுந்தது. ரிக்‌ஷாக்காரச் சீனருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். வாய் தவறிக் கேட்டவள் முகமாக அது இல்லை. அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குமரேசன் ஒரு கணம் நின்றான். கைக்கடிகாரத்தைப் பார்ப்பான் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. வெளியே வைத்த காலை உள்ளே எடுத்தான். குனிந்து பூட்ஸ் கயிறுகளை அவிழ்த்தான். நிறையக் கண்கள் வைத்துக் கட்டுகிற பூட்ஸ், அதற்கே நேரம் பிடித்தது. இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு வந்து, புரூப் திருத்துகிற என் நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் மாடிக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். டம்ளர் நிறைய இருந்ததை அவன் அண்ணாந்து கடைசிச் சொட்டு வரையில் குடித்தான்.

"சிங்கப்பூருக்கும்மா" என்றான்.

"எதுக்கு?"

"ஒரு பேப்பர்ல நிருபர் வேலை."

"இங்க இருக்கிறதும் பேப்பர்தானே. ஏன் போறே?"

"இங்க நான் கேட்டா எல்லாரும் வீட்டுக்குள்ள போயிடுறாங்கம்மா" என்றான்.

அவள் தலையை ஆட்டினாள். டம்ளரை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"எப்படா திரும்பி வருவே?"

இதற்கு எங்கள் ஊரில் ஒரே பதில்தான் உண்டு. சீக்கிரம் வந்துவிடுவேன் என்று சொல்ல வேண்டும். கடையை விற்றுவிட்டுப் போன சின்னையாகூட அப்படித்தான் சொன்னார். சொல்லிவிடடா என்று எனக்குள் அடித்துக்கொண்டது. பொய்யாக இருந்தாலும் சொல்லித் தொலையேன் என்றிருந்தது.

"தெரியலம்மா" என்றான் குமரேசன்.

எதிர்க்கடையில் யாரோ இஞ்சி இடிக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அவள், "சரி, நேரமாச்சு, பூட்ஸை மாட்டு" என்றாள். அவன் கயிறு கட்டி முடிக்கும் வரையில் பக்கத்தில் நின்றாள். "போயிட்டு வா" என்றாள்.

கப்பல் கிடைத்துவிட்டது. நான் கூடப் போனேன். ஏஜெண்டு ஆபீசில் பிரயாணிகளின் பெயர்களை உரக்கப் படித்தார்கள். மிஸ்டர் வைத்திலிங்கம் என்று கூப்பிட்டதும் பழக்கத்தில் நான் தலையை நிமிர்த்தினேன். அவன்தான் போய்ச் சீட்டைக் காட்டினான். வைத்திலிங்கம் ஏறிப் போனார். இன்னொரு வைத்திலிங்கம் குடையோடு கரையில் நின்றார்.

அந்த வாரப் பத்தியை நானே எழுதிக் காதர் மைதீனிடம் கொடுத்தேன். 'போய் வருவோர்' என்ற தலைப்புக்குக் கீழே அவன் பெயர், ஊர், போகிற காரியம். அதற்கடுத்து, 'திரும்பும் நாள் தெரியவில்லை.'

காதர் மைதீன் படித்துவிட்டுத் தாளைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "அண்ணே, இதை இப்படியே போடவா? வீட்ல படிப்பாங்களே."

"அவ கேட்டு வாங்கின செய்திய்யா அது, அப்படியே போடுங்க" என்றேன்.

7

என் மகன் என்ன செய்கிறான் என்று கேட்டவர்களுக்கு: சிங்கப்பூரில் நிருபராக இருக்கிறான். கோர்ட்டு, துறைமுகம், நகரசபை எல்லாம் அவன் பாடு. பத்திரிகையை நறுக்கி அனுப்புகிறான். எழுதியவர் பெயர் போடுவதில்லை என்பதால் எந்த வரி அவனுடையது என்று பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு அனுப்புவான். அகிலாண்டத்துக்கு ஆங்கிலம் தெரியாது. கோட்டை மட்டும் பார்த்து வைத்துக்கொள்வாள்.

நான் எழுதும் கடிதத்தின் அடியில் இரண்டு விரல் அகலம் அவளுக்கென்று விட வேண்டும். எப்போது வருகிறாய் என்று அதில் எழுதுவாள். இன்னும் தெரியவில்லை அம்மா என்று அவன் தமிழில் பதில் எழுதுவான். மாதா மாதம் இதே கேள்வி, இதே பதில். எனக்கு முதலில் இது பொறுக்கவில்லை. இப்போது அப்படி இல்லை. நான் கேட்காமலிருந்த காலத்தில் அவன் இங்கேயே இருந்துவிடுவான் என்று நம்பிக்கொண்டிருந்தேன், அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் நான் கேட்காததைத் தவிர வேறொன்றும் கிடையாது.

பக்கிரிசாமி தன் கடை விளம்பரத்தை மறுபடி கொடுக்க ஆரம்பித்துவிட்டார். தங்கைக்கு அடுத்த பெண் பிறந்திருக்கிறது. இந்தக் காதுகுத்துக்கு எந்தக் கேள்வியும் தம்மைத் தடுக்காது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனாலும் கடைக்குப் பின்வாசல் ஒன்று வைத்துக்கொண்டிருக்கிறார்.

பத்திரிகை நடக்கிறது. என் கண் தாங்குகிற வரையில் நடக்கும். அதற்குப் பிறகு என்ன என்று யாராவது கேட்டால், தெரியவில்லை என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

நேற்று வியாழக்கிழமை. சிங்கப்பூரிலிருந்து கப்பல் வருகிற நாள். 'வந்தோர்' பத்திக்குப் பெயர் வாங்குவதற்காக வழக்கம்போலக் குடையை எடுத்துக்கொண்டு படியில் காலை வைத்தேன்.

"எங்கே போறீங்க?" என்றாள் அகிலாண்டம் பின்னாலிருந்து.

இத்தனை வருஷமாக வியாழக்கிழமைகளில் நான் எங்கே போகிறேன் என்று அவளுக்குத் தெரியாதா? திரும்பிப் பார்த்தேன். டம்ளரில் தண்ணீரோடு நின்றிருந்தாள். நான் செருப்பைக் கழற்றினேன். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீரை வாங்கிக் குடித்தேன்.

"துறைமுகத்துக்கு" என்றேன்.

"யார் வர்றாங்க?"

"தெரியல" என்றேன்.

அவள் டம்ளரை வாங்கிக்கொண்டாள். "போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாள்.